கல்லுக்கும் ஒரு முதுகு

எங்கள் வீட்டு கராஜின் நடுவே ஒரு நீலக் கோடு ஓடுகிறது. கோட்டுக்குத் தெற்கே அப்பாவின் மரவேலை, வடக்கே அம்மாவின் கல்வேலை. போன வாரம் அம்மா சிலேட்டுக் கல் அறுத்தபோது கிளம்பிய தூசி, எல்லை தாண்டிப் போய் அப்பா அப்போதுதான் வார்னிஷ் பூசி வைத்திருந்த மூடியின் மேல் உட்கார்ந்தது. அதற்குப் பிறகு மூன்று நாள், உப்பு வேண்டுமென்றால் இருவரும் நாயிடம்தான் கேட்டார்கள்.

வெள்ளிக்கிழமை சமாதானம் ஆனது. இனிமேல் அம்மா தண்ணீர் தெளித்துத்தான் அறுப்பாள். பதிலுக்கு, அவளுடைய வடக்குச் சுவரில் அப்பா தன் பிளைவுட் பலகைகளைச் சாய்த்து வைத்துக்கொள்ளலாம். இரண்டு வல்லரசுகள் கையெழுத்துப் போட்டது போல இரவு உணவுக்குச் சுட்ட இறைச்சிப் பாளத்தை ஆளுக்குப் பாதி சாப்பிட்டு உடன்படிக்கையை முடித்தார்கள்.

அந்த மூடி அம்மாவின் சவப்பெட்டியுடையது. அம்மா நன்றாக இருக்கிறாள்.

வெர்மான்ட்டில் எங்கள் பள்ளத்தாக்கில் கையில் கருவி உள்ளவர்கள் இந்த விஷயத்தைக் கடைக்காரனிடம் விடுவதில்லை. அப்பா தனக்கான பைன் பெட்டியை ஆறு குளிர்காலத்துக்கு முன்பே செய்துவிட்டார். இப்போது அது வரவேற்பறையில் நிமிர்ந்து நிற்கிறது, உள்ளே ஐந்து தட்டுகளோடு. தலை வர வேண்டிய இடத்தில் விதைக் கடை விலைப்பட்டியல்கள், கால் வர வேண்டிய இடத்தில் சமையல் புத்தகங்கள். தேவைப்படும் நாளில் தட்டுகளை உருவினால் போதும்.

அம்மாவுக்குப் பைன் இல்லை. செர்ரி. பின்வாசலில் புயலில் விழுந்த மரத்தை அப்பாவே அறுத்து, நான்கு வருடம் காயவைத்து, மூலைகளை ஆணியில்லாமல் பல்லோடு பல் கோத்து இழைத்துக்கொண்டிருக்கிறார். எங்கள் வீட்டில் காதல் என்றால் இப்படித்தான் இருக்கும்.

இன்று சனிக்கிழமை. அப்பாவுக்கு அறுபது. அதற்காகத்தான் நேற்று இரவு கல்லூரியிலிருந்து பஸ் பிடித்து வந்தேன்.

காலையில் ஆப்பிள் சைடர் டோனட் ஒன்றில் ஒற்றை மெழுகுவர்த்தி குத்தி ஊதவைத்தோம். அம்மா உடனே அவர் கையைப் பிடித்து கராஜுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

வடக்குப் பக்கத்தில் தார்ப்பாய் போர்த்திய ஓர் உருவம், இரண்டு மரக்கட்டைகளின் மேல் நின்றது. சுவருக்கும் அதற்கும் நடுவே ஓர் ஆள் நுழையும் இடைவெளி. அம்மா தானே சங்கிலிக் கப்பி போட்டுத் தூக்கி நிறுத்தியிருக்கிறாள். யாரையும் உதவிக்குக் கூப்பிடவில்லை.

"எடு, ஆல்டன்" என்றாள்.

அப்பா தார்ப்பாயை இழுத்தார்.

பச்சையோடிய சாம்பல் நிறத்தில், என் மார்பு உயரத்துக்கு ஒரு சிலேட்டுக் கல். நட்டநடுவில் 'ஆல்டன் திபோ'. கீழே பிறந்த வருடம். அதற்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கோடு, மிச்சத்துக்காகக் காத்துக்கொண்டு. எல்லாவற்றுக்கும் மேலே, செதுக்கிய இழைப்புளி ஒன்று. அதன் வாயிலிருந்து சுருண்டு வரும் மரச்சீவல்கூடத் தெரிந்தது.

வேறு ஊரில் அறுபதாவது பிறந்தநாளுக்குக் கல்லறைக் கல் கொடுத்தால் வக்கீலைக் கூப்பிடுவார்கள். எங்கள் ஊரில் அண்டை வீட்டார் பொறாமைப்படுவார்கள். அம்மா, கல்லறைக் கல் வெட்டும் தன் அப்பாவின் ப்ராபர்ட் பட்டறையில் வளர்ந்தவள். பள்ளத்தாக்கில் பாதிப் பேர் அவள் வெட்டிய எழுத்துக்கு அடியில்தான் படுத்திருக்கிறார்கள். இதுவரை யாரும் புகார் சொன்னதில்லை.

அப்பா நீண்ட நேரம் பார்த்தார்.

"நல்லா இருக்கு" என்றார்.

அம்மா காத்திருந்தாள். "அப்புறம்?"

"இழைப்புளி அச்சு அசலா என்னோடதே. கைப்பிடியில இருக்கிற வெட்டுகூட வந்திருக்கு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? தேங்க்ஸ், நெரிஸ்."

அம்மா அவரைப் பார்த்தாள். கல்லைப் பார்த்தாள். "பார்த்து முடிச்சாச்சா?" என்றாள்.

"முடிச்சாச்சே."

"சரி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். சமையலறைக் கதவு சாத்தப்பட்ட சத்தத்தில் நாய் மேசைக்கு அடியில் போனது. அதற்கு அனுபவம் அதிகம்.

நான் பின்னாலேயே போனேன். அம்மா ஆப்பிள் பை சுடுவதற்கு மாவைப் பிசைந்துகொண்டிருந்தாள். மாவு எந்தத் தப்பும் செய்திருக்காது.

"என்னம்மா ஆச்சு? அப்பாதான் நல்லா இருக்குன்னு சொன்னாரே."

"பாதியைப் பார்த்துட்டு நல்லா இருக்குன்னா, அதுக்குப் பேரு பாராட்டா?"

"எதோட பாதி?"

"முப்பத்திரண்டு வருஷமா கல்லு வெட்டுறவளோட குடும்பம் நடத்துறார். கல்லை எப்படிப் பாக்கணும்னு தெரியலை."

"எப்படிப் பாக்கணும்? சொல்லு, நான் போய்ச் சொல்லிடறேன்."

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். சொல்லிப் பாக்க வெச்சா அது பரிசு இல்லை, வீட்டுப்பாடம். ஆப்பிளை நறுக்கு."

நறுக்கினேன். அப்போது போன் வந்தது. அக்கா டெலித். வின்ஸ்லோவைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவள்.

"அப்பாவுக்கு ஹேப்பி பர்த்டே சொல்லிடு. ரீஸ், நாளைக்கு மத்தியானம் நாங்க வர்றோம். வின்ஸ்லோவோட அப்பா அம்மாவும் கூட. இலையெல்லாம் சிவக்கிறதைப் பாக்க வந்திருக்காங்க, பக்கத்து ஊர் விடுதியிலதான் தங்கியிருக்காங்க. அந்த புக் ஷெல்ஃப் இன்னும் ஹால்லதான் இருக்கா?"

"பெருமையா நிக்குது."

"அதை மேல தூக்கிட்டுப் போ. வின்ஸ்லோ அம்மாவுக்கு அந்த மாதிரி விஷயமெல்லாம் ஆகாது. கார்ல கல்லறையைத் தாண்டினாலே மூச்சைப் பிடிச்சுக்குவாங்க. பேய் உள்ள போயிடும்னு, சின்னப் பசங்க மாதிரி. நிஜமா."

"இந்த ஊருக்கா கூட்டிட்டு வர்றே? மூச்சு முட்டிடும்."

"ரீஸ், விளையாடாதே. எனக்கு ஒரே ஒரு நாள். ஒரே ஒரு நாள் நாம சாதாரணக் குடும்பமா இருந்தா போதும்."

பெரிய ஆசைதான். முயற்சி செய்வதாகச் சொன்னேன்.

கராஜுக்குத் திரும்பியபோது அப்பா செர்ரிப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். பெட்டி இரண்டு மரத் தாங்கிகளின் மேல் இருந்தது. அவர் கையில் பென்சில். பெட்டியின் பக்கவாட்டில், கால் பக்கத்திலிருந்து இரண்டு அடி தள்ளி, குறுக்கே ஒரு கோடு போட்டிருந்தார்.

"இது என்னப்பா கோடு?"

"அறுக்கிறதுக்கு."

"எதை?"

"இதைத்தான். ரெண்டு அடி வெட்டி எடுத்துட்டா மிச்சம் நல்ல அலமாரியா வரும். டெலித்துக்குக் கல்யாணப் பரிசா இருக்கட்டும். செர்ரி வீணாப் போகக் கூடாது."

நான் அப்பாவையும் கோட்டையும் மாறி மாறிப் பார்த்தேன். இந்தப் பெட்டிக்கு மட்டும் இரண்டு குளிர்காலங்களின் மாலைகள் முழுக்கப் போயிருந்தன. காயவைத்த நான்கு வருடம் தனிக்கணக்கு.

"அப்போ அம்மாவுக்கு?"

அப்பா பென்சிலைக் காதில் செருகினார். "நீ அந்தக் கல்லைப் பார்த்தே இல்லே?"

"பார்த்தேன். உன் பேரு இருக்கு."

"நடுவுல இருக்கு. நட்டநடுவுல. மேல இழைப்புளி, கீழ வருஷம். இன்னொரு பேரு எழுத ஒரு விரல்கடை இடம் இருக்கா?"

இல்லை.

"மலை மேல கல்லறைத் தோட்டத்துல போய்ப் பாரு. எந்தக் கல்லுலயும் புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துலதான் இருக்காங்க. ஒருத்தர் உயிரோட இருந்தாலும் பேரை வெட்டி, வருஷம் போட்டு, கோடு போட்டு வெச்சிருப்பாங்க. எதிர்வீட்டு ஆரினோட பேரும் அவன் பொண்டாட்டி பேரும் இருக்கு. அவங்க ரெண்டு பேரும் பேசி பத்து வருஷம் ஆகுது. அவங்க பேருகூட இருக்கு, ரீஸ்."

நான் கல்லைத் திரும்பிப் பார்த்தேன்.

"சர்ச் பக்கம் ப்ராபர்ட் குடும்பத்துக் கல்லறை வரிசையில அவ அப்பாவுக்குப் பக்கத்துல ஒரு இடம் காலியா இருக்கு. எனக்குத் தெரியும். அவளுக்கு அங்க இருக்கணும்னு தோணியிருந்தா அது தப்பில்லை. வாயால சொல்லியிருக்கலாம். கல்லுல வெட்டிச் சொல்ல வேணாம்."

"அம்மாகிட்ட கேளேன்."

"கேட்டுத் தெரிஞ்சுக்கிற விஷயமா இது?"

சமையலறையில் ஒருத்தி சொல்ல மாட்டேன் என்கிறாள், கராஜில் ஒருவர் கேட்க மாட்டேன் என்கிறார். இவர்களுக்கு எப்படி இரண்டு குழந்தைகள் பிறந்தோம் என்பது எனக்குப் புரியவில்லை. யோசிக்கவும் விரும்பவில்லை.

அப்பா ரம்பத்தை எடுத்தார். கோட்டின் மேல் வைத்தார். எடுத்தார். பல்லில் விரலை ஓட்டிப் பார்த்தார். மறுபடி வைத்தார்.

"அப்பா, அறுத்தா அறுத்ததுதான்."

"தெரியும்."

"முதல்ல மத்த சாமானெல்லாம் இருக்கான்னு பாத்துக்கோயேன். அலமாரின்னா முதுகுப் பலகை வேணும்ல?" என்றேன். பயத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன ஒரே பயனுள்ள வார்த்தை அதுதான் என்று அப்போது தெரியாது.

அப்பா ரம்பத்தைக் கீழே வைத்தார். நியாயமான பேச்சுக்கு அவர் எப்போதும் கட்டுப்படுவார். "ஆமா. முதுகுக்கு எதுக்கு நல்ல மரம்? சுவத்துப் பக்கம் இருக்கப்போறது. ஒரு பிளைவுட் போதும்."

மரவேலைக்காரர்களின் உலகில் முதுகு என்றால் இவ்வளவுதான். அப்பா செய்த எந்த மேசையையும் எந்தப் பீரோவையும் பின்னால் போய்ப் பார்க்காதீர்கள். முன்னால் பட்டு மாதிரி இருக்கும். பின்னால் கிடைத்த பலகை, பழைய ஆப்பிள் பெட்டியின் எழுத்துகூடத் தெரியும். யாரும் பார்க்காத இடத்துக்கு உழைப்பதை அவர் ஒழுக்கக்கேடாகவே நினைக்கிறார்.

பிளைவுட் இருந்தது வடக்குச் சுவரில். உடன்படிக்கைப்படி. கல்லுக்குப் பின்னால்.

அப்பா நீலக் கோட்டைத் தாண்டி, கல்லைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு, அந்த இடைவெளிக்குள் பக்கவாட்டில் நுழைந்தார். பலகையை இழுக்கும் சத்தம் கேட்டது. பிறகு அது நின்றது.

நான் காத்திருந்தேன்.

நான் நின்ற இடத்திலிருந்து தெரிந்தது இவ்வளவுதான்: கல்லின் நடுவில் என் அப்பாவின் பெயர். கல்லுக்கு அடியில், இரண்டு மரக்கட்டைகளுக்கு நடுவே, என் அப்பாவின் பூட்ஸ். இரண்டும் அசையவில்லை.

"அப்பா?"

ஒரு அடி முன்னால் வைத்தேன்.

"அப்பா, உயிரோட இருக்கியா? நான் நிக்கிற இடத்துலேர்ந்து பார்த்தா சந்தேகமா இருக்கு."

"உங்கம்மாவைக் கூப்பிடு" என்றது கல்.

அம்மா கையில் மாவோடு வந்தாள். பூட்ஸைப் பார்த்தாள். மாவை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு கல்லின் முன்னால், கணவரின் பெயருக்கு நேராக நின்றாள்.

"இப்பத்தான் அந்தப் பக்கம் வழி தெரிஞ்சுதா?" என்றாள்.

"பிளைவுட் எடுக்க வந்தேன்."

"அதுக்குத்தான் வருவேன்னு தெரிஞ்சிருந்தா பிளைவுட்டையே சுத்திக் கொடுத்திருப்பேன்."

"நெரிஸ், பின்பக்கத்தை வழவழன்னு தேய்ச்சு வெச்சிருக்கே."

"ஒன்பது நாள். தண்ணியும் மணலும் போட்டு. கையால."

"பின்பக்கத்தை எவன் பாப்பான்?"

"கல்லுன்னா சுத்தி வந்துதான் பாக்கணும், ஆல்டன். எங்கப்பா பட்டறைக்கு வர்றவங்க முன்னாடி எழுத்தைப் படிக்கிறதுக்கு முன்ன முதுகைத் தடவிப் பாப்பாங்க. கல்லு திறந்த வெளியில நிக்கிறது. அதுக்குச் சுவர் கிடையாது. பின்பக்கம்னு ஒண்ணு கிடையாது, ரெண்டு முன்பக்கம்தான். நீ என்னடான்னா பீரோவைப் பாக்கிற மாதிரி பார்த்துட்டு, முடிச்சாச்சுங்கிறே."

கல்லின் முதுகை உள்ளங்கை தடவும் சத்தம் கேட்டது.

"உன் பேரு இருக்கு இங்க" என்றார் அப்பா. குரல் இறங்கியிருந்தது.

"இருக்கும்."

"பென்சில்ல இருக்கு."

"ஆமா."

"என் பேரை வெட்டியிருக்கே. உன் பேரைப் பென்சில்ல எழுதியிருக்கே. மனசு மாறினா அழிச்சுக்கலாம்னா?"

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். வின்ஸ்லோவின் அம்மா சரியாகத்தான் செய்கிறார் என்று தோன்றியது.

அம்மா இடைவெளியை நோக்கி நடந்தாள். பக்கவாட்டில் நுழைந்தாள். இப்போது கல்லுக்கு அடியில் பூட்ஸும் மாவு படிந்த செருப்பும் எதிரெதிராக நின்றன.

"எங்கப்பா இந்த ஊர்ல அத்தனை பேர் பேரையும் வெட்டினார்" என்றது செருப்பு. "தன்னோடதை மட்டும் வெட்டலை. எங்க பட்டறையில அப்படித்தான். தன் பேரைத் தானே வெட்டக் கூடாது. வேற ஒரு கை வெட்டணும். எங்கப்பா பேரை எங்க சித்தப்பா வெட்டினார். லேசா சாய்ஞ்சிருக்கும். ஊர்ல நல்லா வெட்டத் தெரிஞ்சவங்க நாலு பேரு இருந்தாங்க. ஆனா அப்பா அவரைத்தான் கேட்டார். அவர்தான் தம்பி."

"அதனால?"

"அதனால கீழ குனிஞ்சு கட்டை மேல என்ன இருக்குன்னு பாரு. உன் பிறந்தநாள் பரிசு அதுதான். காலையிலேர்ந்து அங்கதான் இருக்கு."

பூட்ஸ் மடங்கியது. துணி பிரியும் சத்தம் கேட்டது. பிறகு காகிதம்.

"சத்தமாப் படி" என்றாள் அம்மா.

அப்பா படித்தார். "'ஆல்டனுக்கு. உளியும் கொட்டாப்புளியும். மிச்சம் உன் வேலை.'"

அவ்வளவுதான். நான் ஜன்னல் வழியாக மேப்பிள் மரத்தைப் பார்த்தேன். சிவப்பாக இருந்தது. அதற்கென்ன.

"எனக்குக் கல்லு வெட்டத் தெரியாதே" என்றார் அப்பா கடைசியில்.

"தெரியாது. அதனால என்ன? மரத்துல மாதிரி தள்ளாதே. சாய்ச்சுப் பிடிச்சு லேசாத் தட்டு. கல்லு அவசரப்படாது."

டக். டக். டக். மாலை மூன்று மணிவரை அந்தச் சத்தம்தான். நடுவில் அம்மா, "தள்ளாதேன்னேன்" என்றாள். "பழக்க தோஷம்" என்றார் அப்பா. "முப்பத்திரண்டு வருஷமா என்னைத் தள்ளிப் பார்த்தியே, நகர்ந்தேனா?" என்றாள் அம்மா. நடுவில் நான் அடுப்பில் வைத்திருந்த ஆப்பிள் பை கருகும் வாசனை வந்தது. இருவருக்கும் தெரியவில்லை. நான் போய்க் காப்பாற்றிவிட்டு வந்தபோது அம்மாவின் பெயருடைய முதல் எழுத்தின் முதல் கோடு வெட்டி முடிந்திருந்தது. ஒரு விரல் நீளம். அம்மா அதில் நகத்தை ஓட்டிப் பார்த்தாள்.

"சாய்ஞ்சிருக்கு."

"சரி பண்ணட்டுமா?"

"கையை எடு. அது அப்படியே இருக்கட்டும்."

அப்பா பென்சில் எழுத்துகளை எண்ணினார். அவருக்கு எதையும் எண்ணிவிட வேண்டும். "பேரு முழுக்க முப்பத்தொரு கோடு இருக்கு, நெரிஸ். இந்த வேகத்துல இன்னிக்கு ஒண்ணுதான் ஆச்சு."

"ஒண்ணு போதும். வருஷத்துக்கு ஒண்ணு. உன் பிறந்தநாளுக்கு உன் பிறந்தநாளு."

"அப்போ முடிக்கிறப்ப எனக்குத் தொண்ணூறு ஆகும்."

"ஆகட்டும். பாதி எழுதின கல்லுக்கு அடியில நான் படுக்க மாட்டேன். அதனால அதுவரைக்கும் ரெண்டு பேரும் இங்கதான் இருந்தாகணும்."

சிரித்துக்கொண்டே இருவரும் வெளியே வந்தார்கள். இரண்டு பேரும் தலையிலிருந்து கால்வரை சாம்பல் நிறம். அப்போதுதான் அம்மா செர்ரிப் பெட்டியைப் பார்த்தாள். பக்கத்தில் கிடந்த ரம்பத்தைப் பார்த்தாள். குறுக்கே போட்டிருந்த கோட்டைப் பார்த்தாள்.

"இது என்ன?"

அப்பாவின் முகம் கல்லை விட வெளுத்தது. நான் கூரையைப் பார்த்தேன்.

"அதுவும் பென்சில்தான்" என்றார் அப்பா.

அம்மா ஏப்ரன் நுனியை நாக்கில் ஈரமாக்கி, அந்தக் கோட்டைத் தானே அழித்தாள். வேறொன்றும் கேட்கவில்லை. பிறகு செருப்பைக் கழற்றினாள்.

"என்ன பண்றே?"

"இன்னும் முப்பது வருஷம் இருக்கு. அதுக்குள்ள சரியா இருக்கான்னு பாத்துடலாம். தோள்பட்டை இடிக்கும்னு எனக்கு முதல்லேர்ந்தே சந்தேகம். ரீஸ், கையைக் கொடு."

கை கொடுத்தேன். அம்மா பெட்டிக்குள் ஏறி, காலை நீட்டி, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு படுத்தாள். அப்பா டேப்பை எடுத்துக்கொண்டு குனிந்தார். பக்கத்தில் அவருடைய கல் அவர் பெயரோடு நின்றது. நான் மூடியை ஒதுக்கி வைப்பதற்காகத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். இதையெல்லாம் வரிசையாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

"வலது தோள் சரி. அசையாதே, இடது பாக்கணும்."

"முழங்கைக்கு இன்னும் கொஞ்சம் இடம் விட்டிருக்கலாம்."

"அங்க போய் என்ன பண்ணப்போறே, கல்லா வெட்டப்போறே?"

வாசலில் சரளைக்கல் மேல் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. நான்கு கதவுகள் சாத்தப்பட்டன. அக்காவின் குரல்: "ஷ்ஷ், சர்ப்ரைஸ்! அப்பா எப்பவும் கராஜ்லதான் இருப்பார். நாளைக்கு வர்றதா சொல்லியிருக்கேன்."

அவளிடம் கராஜ் கதவின் ரிமோட் இருக்கிறது. எங்களுக்கு அது நினைவுக்கு வந்த நேரமும் கதவு மேலே ஏறத் தொடங்கிய நேரமும் ஒன்று.

கதவு கீழிருந்து மேலாகத் திறந்தது. முதலில் நான்கு ஜோடிக் காலணிகள். அதில் இரண்டு மிகவும் சுத்தமானவை. பிறகு முழங்கால்கள். பிறகு கேக் பெட்டி. பிறகு வின்ஸ்லோவின் அப்பா கையில் பிடித்திருந்த பூங்கொத்து. சாவு வீட்டுக்குக் கொண்டுபோகிற வெள்ளை லில்லி, சூழ்நிலைக்குப் பொருத்தமாகவே இருந்தது. கடைசியாக முகங்கள்.

அக்கா என்னைப் பார்த்த பார்வையை நான் விவரிக்கப்போவதில்லை.

பெட்டிக்குள்ளிருந்து சாம்பல் நிறக் கை ஒன்று எழுந்து அன்போடு ஆடியது.

"வாங்க, வாங்க! உள்ள வாங்க" என்றாள் அம்மா. "என்னால இப்ப எழுந்திரிக்க முடியாது, முழங்கை மாட்டிக்கிச்சு. ரீஸ், எல்லாருக்கும் ஆப்பிள் பை எடுத்துட்டு வா."

நான் பை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தபோதும் வின்ஸ்லோவின் அம்மா மூச்சை விடவில்லை.